தும்பாலேர்ந்து ஸ்ரீஹரிகோட்டா வரைக்கும்: வானம் பாக்கற இடங்களைத் தேடி

செவ்வாய், தும்பா

விண்வெளி ஆராய்ச்சின்னா நம்மள்ல பல பேருக்கு டிவில கவுண்ட்டவுன் பாத்து கை தட்டறதோட முடிஞ்சுடுது. ஆனா அந்த வேலை நிஜமா நடக்கற இடங்கள் எத்தனையோ தென்னிந்தியாவுலயே, கார் எடுத்தா போய் பாத்துடற தூரத்துல இருக்கு. அரையாண்டு லீவு விட்டாச்சு, ஒன்பதாவது படிக்கற அக்கா பொண்ணையும் கூட்டிக்கிட்டு கிளம்பிட்டேன். 2024 டிசம்பர் 30 ராத்திரி ஸ்ரீஹரிகோட்டாவுல பிஎஸ்எல்வி சி60 ராக்கெட் கிளம்புது, பார்வையாளர் கேலரிக்கு பதிவு பண்ணியாச்சு, அதனால பயணம் எங்க முடியணும்ங்கறது மட்டும் உறுதி.

திருவனந்தபுரம் பக்கத்துல இருக்கு தும்பா, இங்க இருக்கற விண்வெளி மியூசியம் ஒரு பழைய சர்ச். புனித மேரி மகதலேனா சர்ச். 1960கள் ஆரம்பத்துல, இந்திய விண்வெளித் திட்டத்தை ஆரம்பிச்ச விக்ரம் சாராபாய் ராக்கெட் தளத்துக்காக இந்த மீனவ கிராமத்தைக் கேட்டு வந்தப்போ, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைரா ஞாயித்துக்கிழமை பூசைல ஜனங்ககிட்டயே கேட்டு சம்மதம் வாங்கிக் குடுத்தார்னு கலாம் பல இடத்துல சொல்லிருக்கார். சர்ச் கட்டிடத்துல ராக்கெட் வேலை ஆரம்பிச்சுது, பக்கத்துல மாட்டுக்கொட்டகையா இருந்தது லேப் ஆச்சு. ராக்கெட்டோட மூக்குப் பகுதியை சைக்கிள் கேரியர்ல வெச்சு தள்ளிக்கிட்டு போற போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அது இங்க எடுத்தது தான்.

அக்கா பொண்ணு உள்ள நுழைஞ்சதும் கேட்ட கேள்வி, "சித்தி, இவ்ளோ பெரிய நாட்டுல ஏன் இந்த ஊரு?" அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ட்ரிப் போடலாம்னு எனக்கு தோணுச்சு. பதில் பூமியோட காந்தத்துல இருக்கு. காந்த நடுக்கோடுன்னு ஒண்ணு உண்டு, அங்க பூமியோட காந்தக் கோடுகள் தரைக்கு மட்டமா ஓடும், அது சாராபாய் காலத்துல தும்பாவுக்கு ரொம்ப கிட்ட போச்சு. அந்தக் கோட்டுக்கு மேல, 100 கிலோமீட்டர் சொச்சம் உயரத்துல, பகல் நேரத்துல ஒரு பெரிய மின்னோட்டம் வானத்துல கிழக்கு நோக்கி ஓடுது. இதை அளக்கணும்னா பலூன் 40 கிலோமீட்டருக்கு மேல ஏறறதே கஷ்டம், சாட்டிலைட் அவ்வளவு கீழ சுத்தினா காத்துல உரசி எரிஞ்சு விழுந்துடும், நடுவுல இருக்கற அந்த உயரத்துக்கு போய்ட்டு வர்றதுக்கு சவுண்டிங் ராக்கெட் மட்டும் தான் வழி. நேரா மேல போகும், சில நிமிஷம் அளக்கும், கடல்ல விழும். அவ்வளவு தான் அதோட ஆயுசு.

1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட் போச்சு. நைக் அப்பாச்சி, ராக்கெட் அமெரிக்கா குடுத்தது, உள்ள இருந்த கருவி பிரான்ஸ் குடுத்தது. மேல போய் சோடியம் ஆவியைக் கக்கிச்சு, இருட்டற நேரத்துல வானத்துல ஆரஞ்சு கலர்ல ஒரு மேகம் தெரிஞ்சுது, அது எந்தப் பக்கம் நகருதுன்னு போட்டோ எடுத்து மேல் காத்தோட வேகத்தைக் கணக்கு போட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு 1967ல சொந்தமா செஞ்ச ஆர்எச்-75 போச்சு. அந்த 75 என்னன்னா ராக்கெட்டோட விட்டம், 75 மில்லிமீட்டர், கைக்குள்ள அடங்கிடும். தோட்டத்துல நிக்கற முழு அளவு மாடல்களை விட அந்த சின்னக் குழாய் முன்னாடி தான் நான் ரொம்ப நேரம் நின்னேன்.

புதன், மகேந்திரகிரி வழியா குலசேகரன்பட்டினம்

நாகர்கோவில் தாண்டி காத்தாடிகளுக்கு நடுவுல வண்டி ஓட்டிக்கிட்டு போனா காவல்கிணறு வரும், அங்கேர்ந்து மகேந்திரகிரி மலை தெரியும். அந்த அடிவாரத்துல தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைப் பூட்டி வெச்சு எரிச்சுப் பாக்கறாங்க. உள்ள விட மாட்டாங்க, விடவும் கூடாது, மைனஸ் 253 டிகிரில இருக்கற திரவ ஹைட்ரஜன் வெச்சு வேலை நடக்கற இடம். ரோட்ல நின்னு மலையைப் பாத்துட்டு கிளம்பிட்டோம்.

குலசேகரன்பட்டினம்னா நமக்கு முத்தாரம்மன் தசரா தான் ஞாபகம் வரும். இனிமே ராக்கெட்டும் வரும். இந்த வருஷம் பிப்ரவரி 28ல புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிருக்காங்க, சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்விக்காக.

இங்க ஏன்ங்கறதுக்கு பதில் மேப்ல இருக்கு, அதை ஃபோன்ல திறந்து அவகிட்ட குடுத்தேன். பூமியைப் படம் எடுக்கற சாட்டிலைட் எல்லாம் பெரும்பாலும் வடக்கு தெற்கா துருவத்துக்கு மேல சுத்தும், அதுக்கு ராக்கெட் தெக்க போகணும். ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து நேரா தெக்க விட்டா கீழ இலங்கை இருக்கு, ஏதாவது பாகம் விழுந்தா மனுஷங்க மேல விழும். அதனால முதல்ல தென்கிழக்கா கடலுக்கு மேல போய்ட்டு அப்புறம் தெக்க திரும்பறாங்க. ஓடற வேகத்துல திசையை மாத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதுக்கே ஏகப்பட்ட எரிபொருள் போயிடும், பெரிய ராக்கெட் அதைத் தாங்கிடும், சின்னதுக்கு சுமக்கற பாரமே குறைஞ்சுடும். குலசேகரன்பட்டினத்துலேர்ந்து தெக்க பாத்தா அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல். அவ மேப்பை கீழ தள்ளிக்கிட்டே போய், "ஆமா சித்தி, ஒரு ஊரு கூட இல்ல"ன்னா.

வியாழன்

கொடைக்கானல் ஏறினோம். லீவு கூட்டம், மலைப்பாதைல வண்டி ஊர்ந்துது. நாளைக்கு எழுதறேன்.

வெள்ளி, கொடைக்கானல் சூரிய ஆய்வகம்

இன்னிக்கு நிறைய எழுதப் போறேன்.

ஏரியைச் சுத்தற கூட்டத்துல நூத்துல ஒருத்தர் கூட மேல இந்த ஆய்வகத்துக்கு வர்றதில்ல, அது எனக்கு வருத்தமா இருக்கு. 2,343 மீட்டர் உயரம். 1899ல மெட்ராஸ்லேர்ந்து இங்க மாத்தினாங்க. அதோட வேர் தாது வருஷப் பஞ்சத்துல இருக்கு. 1876லேர்ந்து 78 வரைக்கும் மழை பொய்ச்சு லட்சக்கணக்கான ஜனங்க செத்துப் போனப்புறம், சூரியனோட மாற்றத்துக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோன்னு கேள்வி எழுந்துது, சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு இடம் வேணும்னு முடிவாச்சு. மிச்சி ஸ்மித்னு ஒருத்தர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பாத்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். பஞ்சத்துக்கு அவங்க தேடின விடை அப்படியே கிடைக்கல, ஆனா அந்தத் தேடல்ல பிறந்த பழக்கம் இன்னிக்கும் நிக்கல.

அந்தப் பழக்கம் என்னன்னா, 1904லேர்ந்து வானம் தெளிவா இருக்கற ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் பிடிக்கறாங்க. அதே 6 அங்குல டெலஸ்கோப். ரெண்டு உலகப் போர் நடந்துது, சுதந்திரம் வந்துது, இங்க ஒருத்தர் காலைல ஏறி வந்து டோமைத் திறந்து படம் எடுத்துட்டுப் போயிருக்கார். ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடு சேந்திருக்கு, இப்ப எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கிட்டாங்க. சூரியன் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை சூடு பிடிச்சு அடங்கும், புள்ளிகள் ஏறும் இறங்கும், அதைப் புரிஞ்சுக்கணும்னா பத்து சுத்தாவது பாக்கணும், அப்படின்னா நூறு வருஷத்துக்கு மேல. எந்த சாட்டிலைட்டும் அவ்வளவு காலம் பின்னாடி போய் பாத்துட்டு வர முடியாது. அதனால உலகத்துல எங்கேர்ந்து சூரியனோட பழைய நடத்தையைப் படிக்கணும்னாலும் கொடைக்கானல் தகடு பெரிய உதவி. என்னைக் கேட்டா ராக்கெட்டுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்ச சாதனை இல்ல இது.

மியூசியத்துல சூரியனோட நேரடி பிம்பம் விழுது. இந்த வருஷம் சூரியன் உச்சத்துல இருக்கு, புள்ளிகள் நல்லாவே தெரிஞ்சுது. பக்கத்துலயே சூரிய ஒளியைப் பிரிச்சு நிறமாலையா காட்டறாங்க, வண்ணத்துக்கு நடுநடுவுல கருப்புக் கோடுகள், ஒவ்வொரு கோடும் சூரியன்ல இருக்கற ஒரு தனிமத்தோட அடையாளம். 1909ல ஜான் எவர்ஷெட் இங்க உக்காந்து ஒரு சூரியப் புள்ளியோட கோடுகளைப் பாத்தப்போ அது லேசா வளைஞ்சிருந்தது. நம்மள நோக்கி வர்ற வாயுவோட கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போறது சிவப்புப் பக்கம் நகரும். அப்போ புள்ளிக்குள்ள நடுவுலேர்ந்து வெளிய வாயு ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னு தான் பேர், பாடப் புத்தகத்துல இருக்கு, கண்டுபிடிச்ச ஊர் கொடைக்கானல்.

சுரங்க டெலஸ்கோப் ஒண்ணும் இருக்கு. வெளிலேர்ந்து 11 மீட்டர் கோபுரம் தான் தெரியும். உச்சில கண்ணாடி சூரியனைத் துரத்திப் பிடிச்சு கீழ அனுப்பும், தரைக்கு அடில 60 மீட்டர் நீள சுரங்கத்துல ஒளி போய் 34 சென்டிமீட்டர் அகல சூரியனா விழும். மண்ணுக்கு அடில ஏன்னா அங்க வெப்பம் ஏறி இறங்காது, காத்து அலையாது, பிம்பம் நடுங்காது.

சாயங்காலம் கீழ இறங்கி நாமக்கல் பக்கம் வந்துக்கிட்டு இருக்கறப்போ ஒரு செய்தி. செவ்வாய்க்கிழமை, நாங்க தும்பாவுல இருந்த அன்னிக்கு, நாசாவோட பார்க்கர் கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட போச்சு, மனுஷன் செஞ்ச எதுவும் இவ்வளவு கிட்ட போனதில்ல. போனதுலேர்ந்து பேச்சு மூச்சு இல்லாம இருந்துது, இன்னிக்கு நல்லா இருக்கேன்னு சிக்னல் வந்துடுச்சாம். நம்ம ஆதித்யா எல்1 கலம் வேற பூமிலேர்ந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு இந்த வருஷம் ஜனவரி 6லேர்ந்து சூரியனைப் பாத்துக்கிட்டே இருக்கு, திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரங்க. அதுல இருக்கற, சூரியனோட வெளி அடுக்கான மகுடத்தைப் (கரோனா) பாக்கற கருவியை செஞ்சது இதே கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தற இந்திய வானியற்பியல் நிறுவனம். 6 அங்குல டெலஸ்கோப் ஆரம்பிச்ச வேலை தான் தொடருது.

சனி, சித்தம்பூண்டி, அப்புறம் காவலூர்

காலைல நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி. பாக்க ஒண்ணும் இல்லாத ஊர்னு நெனைப்பீங்க. ரோட்டோரம் வெளிர் நிறத்துல பாறை கிடக்கும், அனார்த்தசைட்னு பேர். நிலாவோட மேட்டுப் பகுதி முழுக்க இந்த வகைப் பாறை தான். சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் நிலா மண்ணுல சோதிக்கணும்னா நிலா மண்ணுக்கு எங்க போறது, அதனால இங்கேர்ந்தும் பக்கத்துல குன்னமலைலேர்ந்தும் பாறை எடுத்து, அரைச்சு பொடியாக்கி, பெங்களூருக்கு கொண்டு போய் கொட்டி அதுல சக்கரத்தை ஓட்டிப் பாத்தாங்க. சேலம் பெரியார் பல்கலைக்கழக புவியியல் துறை இதுல கூட நின்னுச்சு.

இதுல எனக்கு சிலிர்ப்பான விஷயம் அப்புறம் நடந்துது. 2023 ஆகஸ்ட் 23ல சந்திரயான் 3 தென் துருவத்துப் பக்கம் இறங்கி, ரோவர் போய் மண்ணை அளந்துது, முடிவு இந்த வருஷம் ஆகஸ்ட்ல வந்துது: அங்க இருக்கறதும் பெரும்பாலும் அனார்த்தசைட் வகை தான். ஆதில நிலா முழுக்க உருகின குழம்பா இருந்து, கனம் குறைஞ்ச தாது மேல மிதந்து வந்து உறைஞ்சு மேலோடு ஆச்சுங்கற கருத்துக்கு அது பலம் சேக்குது. அவ ஒரு சின்ன கல்லைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அங்கயே வெச்சுட்டா. நானும் எடுத்துட்டு வரல, எல்லாரும் எடுத்தா என்ன ஆகும்.

சாயங்காலம் ஜவ்வாது மலை. காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம். வானியலாளர் பாப்பு 1960ல கொடைக்கானல் ஆய்வகப் பொறுப்புக்கு வந்தவர், கொடைக்கானல் சூரியனுக்கு சரி, ராத்திரி வானத்துக்கு வேற இடம் வேணும்னு தேடித் தேடி சந்தனக் காட்டுக்கு நடுவுல இந்த இடத்தைப் பிடிச்சார். ஊர் வெளிச்சம் கிடையாது, அதோட நிலநடுக்கோட்டுக்கு பன்னெண்டரை டிகிரி தான் வடக்க, அதனால வடக்கு வானமும் தெற்கு வானத்துல பெரும்பகுதியும் ஒரே இடத்துலேர்ந்து கிடைக்கும். ஐரோப்பால அமெரிக்கால இருக்கற பெரிய டெலஸ்கோப்களுக்கு அந்த வசதி இல்ல. 2.34 மீட்டர் டெலஸ்கோப் முழுக்க நம்ம நாட்டுலயே வடிவமைச்சு செஞ்சது, கண்ணாடியைத் தேச்சது கூட இங்கத்த ஆளுங்க தான். 1986 ஜனவரி 6ல திறந்தாங்க. பாப்பு 1982லயே இறந்துட்டார், அதைப் பாக்கல. அது நெனைச்சா இப்பவும் மனசு கனக்குது.

பார்வையாளர்களுக்கு சின்ன டெலஸ்கோப்ல வானம் காட்டினாங்க. மேகம் விட்டு விட்டு வந்துது, அமாவாசை கிட்டங்கறதால இடைவெளி கிடைச்சப்போ எல்லாம் வானம் பிரமாதம். மேற்க வெள்ளி, அதுக்கு மேல சனி, கிழக்கால உசரத்துல ரோகிணி நட்சத்திரத்துக்கு பக்கத்துல வியாழன். டெலஸ்கோப்ல வியாழனோட நிலாக்கள் வரிசையா தெரிஞ்சுது. 1972ல இங்க புதுசா வந்த 1 மீட்டர் டெலஸ்கோப்ல, அதுல ஒண்ணான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைக்கறதைக் கவனிச்சாங்க. நட்சத்திரத்தோட ஒளி பட்டுனு அணையாம மெல்ல மங்கிச்சு, அங்க மெல்லிய காத்து இருக்கலாம்னு அது ஒரு அறிகுறி. பல வருஷம் கழிச்சு ஹப்பிள் அங்க ரொம்ப ரொம்ப மெல்லிசா ஆக்சிஜன் இருக்குன்னு காட்டிச்சு. 1977 மார்ச் 10ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ அதோட வளையத்தால ஒளி மங்கினதும் காவலூர்ல பதிவாச்சு. 1988ல கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேர் வெச்சாங்க, எண் 4130.

அடிவானத்துல சமவெளி ஊர்களோட வெளிச்சம் தெரியுது, பாப்பு வந்தப்போ இவ்வளவு இருந்திருக்காது. அடுத்த பெரிய டெலஸ்கோப்புக்கு லடாக்ல ஹான்லேக்கு, 4,500 மீட்டருக்கு ஏறிட்டாங்க. இருட்டைத் தேடி எவ்வளவு தூரம் தான் ஓடறது. தெருவிளக்குக்கு மேல ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழ மட்டும் விட்டாலே காவலூருக்கு பெரிய உதவி, இதை யாராவது ஊராட்சிகள்கிட்ட எடுத்துச் சொல்லணும்.

ஞாயிறு, சென்னை

நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துல ஒரு கிரானைட் தூண் நிக்குது, 1792ல கட்டின மெட்ராஸ் வானாய்வகத்தோட கருவியைத் தாங்கினது. கொடைக்கானலுக்கும் காவலூருக்கும் அது தான் மூதாதை. தமிழ், தெலுங்கு உட்பட பல மொழில அதுல எழுத்து இருக்கு. லீவு நாள், உள்ள போகல, ரோட்லேர்ந்தே அவளுக்கு சொன்னேன். அங்க வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஒளி மாறற நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார், 1874ல வெள்ளி சூரியனைக் கடக்கறதைப் பத்தி சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதவும் செஞ்சார். அவரைப் பத்தி ஸ்கூல்ல சொல்லித் தரலயேன்னு கேட்டா. எனக்கும் சொல்லித் தரல.

திங்கள், ஸ்ரீஹரிகோட்டா

சூலூர்பேட்டைலேர்ந்து பழவேற்காடு ஏரிக்கு நடுவுல போற ரோடு, ரெண்டு பக்கமும் தண்ணி, தூரத்துல பூநாரைகள். இந்தத் தீவை ஏன் பிடிச்சாங்கன்னு இப்ப அவளே சொல்லிட்டா: கிழக்க கடல், ஆள் நடமாட்டம் கம்மி. நான் இன்னொண்ணு சேத்தேன், பூமி கிழக்க பாத்து சுத்துது, இந்த இடத்துல நிக்கற நாமளே நொடிக்கு சுமார் 450 மீட்டர் வேகத்துல போய்க்கிட்டு தான் இருக்கோம், கிழக்க விடற ராக்கெட்டுக்கு அந்த வேகம் இனாம்.

1979 ஆகஸ்ட் 10ல இங்கேர்ந்து போன முதல் எஸ்எல்வி 3 கடல்ல விழுந்துது. திட்டத்துக்கு பொறுப்பு கலாம், ஆனா பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து பதில் சொன்னது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ல ஜெயிச்சு 35 கிலோ ரோகிணி சாட்டிலைட் சுத்த ஆரம்பிச்சப்போ கலாமைப் பேச விட்டு அவர் ஒதுங்கிக்கிட்டார். ஏவுதளத்துக்கு அவர் பேர் வெச்சது ரொம்ப சரி.

ராத்திரி 9:58க்குன்னு இருந்த நேரத்தை 10 மணியா மாத்தினாங்க. அந்தப் பாதைல வேற சாட்டிலைட் வருதாம், ரெண்டு நிமிஷம் விட்டுக் குடுத்தா மோதல் பயம் இல்ல. வானத்துல அவ்வளவு நெரிசல் ஆயிடுச்சு.

பத்து மணிக்கு மரங்களுக்குப் பின்னாடி முதல்ல வெளிச்சம் மட்டும். சத்தமே இல்ல. 229 டன் எடை, அது மேல ஏறிக்கிட்டே இருக்கு, நாங்க எல்லாரும் கத்திக்கிட்டு இருக்கோம், அப்புறம் தான் சத்தம் வந்து நெஞ்சுல மோதிச்சு, மோதி நிக்கல, உறுமிக்கிட்டே இருந்துது. பக்கத்துல ஒரு தாத்தா பேரன் தோள்ல கை வெச்சு நின்னுக்கிட்டு இருந்தார், ரெண்டு பேரும் அழுதாங்க. நானும் தான்.

இதுல போனது ஸ்பேடெக்ஸ், ஆளுக்கு 220 கிலோல ரெண்டு சாட்டிலைட். கால் மணி நேரத்துல பிரிஞ்சாச்சுன்னு அறிவிச்சாங்க. ரெண்டும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்துல பறக்கும், முதல்ல 20 கிலோமீட்டர் விலகும், அப்புறம் 5 கிலோமீட்டர், ஒன்றரை, 500 மீட்டர், 225, 15, 3ன்னு நின்னு நின்னு நெருங்கி, கடைசில நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்துல தொட்டு ஒண்ணா பூட்டிக்கணும். நிலா மண்ணை எடுத்துட்டு வரணும்னாலும் சொந்தமா விண்வெளி நிலையம் கட்டணும்னாலும் இந்த வித்தை தெரிஞ்சே ஆகணும், 2024 முடியற வரைக்கும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூணு பேர் தான் தனியா செஞ்சு காட்டிருந்தாங்க. ராக்கெட்டோட கடைசிப் பகுதியையும் வீணாக்கல, அதுல 24 சோதனை வெச்சு சுத்த விட்டிருக்காங்க, ஒண்ணுல 8 காராமணி விதை முளைக்குதான்னு பாக்கறாங்க.

பார்க்கிங்ல வண்டி நகர ரெண்டு மணி நேரம் ஆச்சு. 2025 ஜனவரி 7 வாக்குல இணைப்பு நடக்கும்னு அப்போ சொன்னாங்க. "ஸ்கூல் நாள் ஆச்சே சித்தி"ன்னு அவளுக்கு இப்பவே கவலை. லைவ் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சதும் இங்கயே போடறேன், காராமணி முளைச்சாலும் போடறேன்.